ப்ளூ ஜாகர் தோடு, ‘ஜே’ நிறமா?

கேள்வி: பாட்டியின் ஏழுகல் வைரத்தோட்டை ‘ப்ளூ ஜாகர்’ என்றே சொல்லி வந்தோம். கடையில் ‘நிறம் ஜே’ என்கிறார்கள். எது சரி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். ‘ஜாகர்’ என்பது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் சில கற்கள் நீலமாக ஒளிரும்; அத்தகைய கல்லைத்தான் ‘ப்ளூ ஜாகர்’ என்பார்கள். அந்த நீல ஒளி கல்லின் மஞ்சளை மறைத்துவிடும். சாயங்காலம் பல்பு வெளிச்சத்தில் அதே கல் மஞ்சள் காட்டும். கடையில் சொன்ன ‘ஜே’ போன்ற எழுத்து குறிப்பது அந்த மஞ்சளை மட்டுமே.

ஜி.ஐ.ஏ. (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) வகுத்த நிற அளவுகோல் டி-யில் தொடங்கி இசட்டில் முடிகிறது. ஏ, பி, சி பழைய முறைகளில் புழங்கியதால் அவற்றைத் தவிர்த்தார்கள். டி, இ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை. ஆக, ஜே மட்டமான கல் அல்ல.

ஆனால் தோட்டில் பதித்தபடியே பார்த்துச் சொன்ன நிறம் வெறும் உத்தேசம்தான். குளோஸ் செட்டிங்கில், அதாவது கல்லின் பின்பக்கத்தை மூடிப் பதிக்கும் முறையில், பின்பக்கத் தங்கம் கல்லுக்குள் பிரதிபலிக்கும். போதாததற்கு எண்ணெயும் மஞ்சள்பொடியும் அடியில் அப்பியிருக்கும். சரியாகப் பார்க்க, கல்லைக் கழற்றித் துடைத்து, மடித்த வெள்ளை அட்டையில் மேல்முகம் கீழாகக் கவிழ்த்து, பகல்வெளிச்ச விளக்கில் பக்கவாட்டில் பார்த்து, நிறம் தெரிந்த மாதிரிக் கற்களோடு ஒப்பிட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஜொலிப்பு நிறத்தை மறைத்துவிடும்.

உங்கள் கண்ணெதிரே கழற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு கல்லின் எடையையும் சென்ட் (கேரட்டில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் எழுதி வாங்குங்கள். குளோஸ் செட்டிங் தோட்டை வீட்டில் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். உள்ளே போன அழுக்குநீர் அங்கேயே தங்கிக் கல்லை மங்கலாக்கும்.