வாய்ப்புண்ணால் சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு

தங்கச்சி, மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, புதுக்குடியிருப்புக்குத் திரும்பிய ஆறு வயது மகன் வாய்ப்புண்ணால் சோறே தொடுவதில்லை, மாமி பழஞ்சோறு கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பழஞ்சோறு இப்போது வேண்டாம். அந்த மருந்தால், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது இரவு முழுக்க வெளியே கிடந்த சோற்றில் பெருகும் கிருமி பிள்ளைக்கு ஆபத்து. அரைவேக்காட்டு முட்டையும் அப்படித்தான். மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவரும் பாசத்தில்தான் சொல்கிறார்.

பயறும் அரிசியும் குழைய அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி மசியுங்கள். மிளகாயும் புளியும் போடாத சொதியில் இடியப்பத்தை ஊறவிட்டால் மெல்லாமலே இறங்கும். அதற்குள் முள் எடுத்த மீனையோ நன்றாக அவித்த முட்டையின் மஞ்சள் கருவையோ பிசைந்துவிடுங்கள். ஆறவைத்துக் கொடுத்தால் எரிவு குறையும். தேசிக்காய், தக்காளி, அன்னாசி புண் ஆறும்வரை வேண்டாம். அடிக்கடி நாலு வாய் போதும், வற்புறுத்தாதீர்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்காதீர்கள். கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்ணீர்கூட இறங்காவிட்டாலும் அப்படியே.