மகள் ஏசியை அணைத்துவிடுகிறாள் என்று எழுதிய அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மகள் வீட்டில் ஒவ்வோர் அறையாகப் போய் ஏசியை அணைக்கிறாள். பொறியியல் வேண்டாம், முழுநேரக் காலநிலைச் செயற்பாட்டாளராகப் போகிறேன் என்கிறாள். "இதுக்கு யார் சம்பளம் கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய பயம் கடைசி வரியில் இருக்கிறது: கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை பதாகை பிடித்து ரோட்டில் நிற்பது. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். அதை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை.

ஆனால் திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரை நினைத்துப் பாருங்கள். அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்தது. ஊர்ச்சனம் எதிர்த்தது, சுற்றாடல் அமைப்பொன்று வழக்குப் போட்டது. 2016 செப்டெம்பரில், இதைக் கட்டப்போவதில்லை என்று அரச தரப்பே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இன்று அதே சம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கு வேலை தொடங்கியிருக்கிறது. பதாகை பிடித்தவர்களோடு, சுற்றாடல் அறிக்கையை வரிவரியாக வாசித்து எங்கே ஓட்டை என்று காட்டக்கூடியவர்களும் தேவைப்பட்ட வேலை அது. உங்கள் மகள் அந்த இரண்டாவது ஆளாகவும் வரலாம். அந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு.

வலுக் கணக்காய்வு என்றொரு தொழில் இருக்கிறது. ஹோட்டல், வைத்தியசாலை, தொழிற்சாலை என்று போய், எந்த இயந்திரம் எத்தனை யூனிட் தின்கிறது, எதை நிறுத்தினால் யாருக்கும் குறை வராது என்று அளந்து சொல்வது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நிலைபெறுதகு வலு அதிகாரசபைக்கு இதுவும் ஒரு பொறுப்பு. ஆடைத் தொழிற்சாலைகளிலும் இதற்கு ஆள் தேவை, ஏனென்றால் ஐரோப்பியக் கொள்வனவாளர்கள் விலையோடு கரண்ட் கணக்கையும் கேட்கிறார்கள். துல்ஹிரியவில் 2008இல் திறந்த தொழிற்சாலை ஒன்றில், வழக்கமான ஏசி இல்லாமல் நீர் ஆவியாவதைக் கொண்டு காற்றைக் குளிர வைக்கிறார்கள். அதுவும் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்ட வேலைதான்.

மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஏசியை அவள் எத்தனை மணிக்கு அணைக்கிறாள்? ஒரு கிலோவாட் ஏசி ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட், பழைய சீலிங் ஃபேன் பன்னிரண்டு பதின்மூன்று ஓடுவதற்குச் சமம். மத்தியானமும் ஒரு யூனிட்தான், இரவு ஏழு மணிக்கும் ஒரு யூனிட்தான். ஆனால் மாலை 6.30 முதல் 10.30 வரை நாடு முழுக்க ஒன்றாக இழுக்கும், அந்த நேரம் வெயிலும் இல்லை. நீர்மின் போதாவிட்டால் எண்ணெய் எரித்துத்தான் சமாளிக்க வேண்டும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையிலோ மின்சார சபை கூரைச் சோலர் வைத்திருப்பவர்களிடம் பகலில் அணைத்து வையுங்கள் என்று கேட்டது, மின்சாரம் மிஞ்சியதால். இதைக் கேட்டு அவள் கண் விரிந்தால், வாயால் என்ன சொன்னாலும் அவளுக்குள் ஒரு பொறியியலாளர் இருக்கிறாள்.

சண்டைக்கும் வருவாள். இயந்திரத்தைத் திறமாக்கினால் மட்டும் பாவனை குறையாது என்பாள். சரிதான்! நீராவி இயந்திரம் சிக்கனமானதும் நிலக்கரிச் செலவு கூடியது என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவொன்ஸ் 1865இலேயே சொல்லிவிட்டார். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டில் மெழுகுதிரியோடு படித்த பிள்ளைக்கு, பாவனை குறைவது வேறு, ஏழை தலையில் குறைப்பைக் கட்டுவது வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கேள்விதான் அவளை இழுக்கிறதென்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து முகாமைத்துவமும் நகரத் திட்டமிடலும் இருக்கின்றன. கொழும்பின் இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்ட பிறகு மாலபே வீதி எப்படி இருக்கிறதென்று உங்களுக்கே தெரியும். கட்டடக்கலை என்றால் உளச்சார்புப் பரீட்சை உண்டு, அதற்குத் தனியாக ஆயத்தம் வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி காணாவிட்டால் நாவலவில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, என்விகியூ என்ற தொழிற்றகைமை வழியும் இருக்கிறது. சோலர் பூட்டும் வேலையை மட்டும் நம்பி இறங்க விடாதீர்கள். சோலர் மின்சாரத்துக்குக் கொடுக்கும் யூனிட் விலையை அரசு மாற்றினால் அந்த வியாபாரம் ஏறி இறங்கும். தொண்டு நிறுவன வேலையும் அப்படித்தான், செயற்றிட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். வார இறுதியில் காலநிலைச் செயற்பாட்டுக்குப் போகட்டும், தடுக்காதீர்கள். அப்புறம், சிங்களம். அறிக்கை ஆங்கிலத்தில் எழுதலாம், ஆனால் கொழும்பில் பல கட்டடங்களில் ஜெனரேட்டர் அறைச் சாவி வைத்திருப்பவரோடு சிங்களத்தில் கதைத்தால்தான் உள்ளே விடுவார். காத்திருக்கும் மாதங்களில் அதைப் படிக்கட்டும்.

சனிக்கிழமை கடந்த பன்னிரண்டு மாதக் கரண்ட் பில்களோடு இரண்டு பேரும் வாருங்கள். முதல் அரை மணித்தியாலம் அவளோடு தனியே கதைக்க வேண்டும். நீங்கள் கீழே கடையில் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டிருங்கள்.