இரண்டுக்கும் தலையாட்டிவிட்டேன், இப்போது தூக்கம் போய்விட்டது

கேள்வி:

வணக்கம் மேடம்,

நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எனக்கு 46 வயது. பையன் காலேஜுக்குப் போனதும் வீடு வெறிச்சோடிப் போனதால், போன வருடம் எங்கள் ஊர் கார்டன் க்ளப்பில் சேர்ந்தேன். முப்பது பேர் கொண்ட க்ளப்பில் இந்தியர் என்று பார்த்தால் நான் ஒருத்திதான்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை இவர்கள் ‘ஹாலிடே ஹவுஸ் டூர்’ நடத்துவார்கள். ஐந்து வீடுகளைக் கிறிஸ்துமஸுக்கு அலங்கரித்து வைப்பார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கலாம். டிக்கெட் 35 டாலர், 400 பேர் வரை வருவார்கள். அன்றைக்கே சர்ச் ஹாலில் ‘பேக் சேல்’, அதாவது வீட்டில் சுட்ட பலகாரங்களின் விற்பனையும் உண்டு. வரும் பணம் தோட்டக்கலை படிக்கும் பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப்புக்குப் போகிறது.

செப்டம்பர் மீட்டிங்கில் பேக் சேலை யார் எடுத்துச் செய்வது என்று தலைவி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் தாங்காமல் நான் கையைத் தூக்கிவிட்டேன். அடுத்த மாதம் ஒரு வீட்டுக்காரர் டூரிலிருந்து விலகிக்கொண்டார். ‘உங்கள் வீடு கிடைக்குமா?’ என்று தலைவி கேட்டதும் அதற்கும் சரி என்றேன்.

இப்போது ஆறு வாரம்தான் இருக்கிறது. ‘நானூறு பேர் நம்ம வீட்டுக்குள்ளயா?’ என்று கணவர் முறைக்கிறார். நவம்பரில் மாமியார் வருகிறார். பூஜை அறை இருக்கிற வீட்டில் கண்டவர்களும் ஷூவோடு நடப்பதா என்று போனிலேயே ஆரம்பித்துவிட்டார். பல வருடம் பேக் சேலை நடத்திய மூத்த உறுப்பினர் ஒருவர், நான் நான்கட்டாயும் முறுக்கும் வைக்கலாம் என்று எழுதியதற்கு, ‘ஜனங்கள் கிறிஸ்துமஸ் குக்கீக்காகத்தான் வருகிறார்கள்’ என்று ஒரே வரியில் பதில் போட்டார். அதற்குப் பிறகு க்ளப்பிலிருந்து வரும் மெயில்களைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நாற்பதுக்கு மேல் அப்படியே கிடக்கின்றன.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எத்தனை டஜன், எத்தனை நாற்காலி, பனி கொட்டினால் என்ன செய்வது என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. நெஞ்சு இறுகுகிறது. விலகிக்கொண்டால் ‘இந்தியப் பெண்ணால் முடியவில்லை’ என்று பேசுவார்களோ என்று தோன்றுகிறது. இது ஏதாவது நோயா? இதை எப்படிச் சமாளிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நெஞ்சு இறுக்கம். மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ அது வந்தால், இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். படுக்கையில், டூரை நினைக்கும்போது மட்டும் வருகிறது என்றால் பதற்றத்தின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் 46 வயதில் ஒரு முறை பரிசோதித்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது நானூறு பேரோ மாமியாரோ அல்ல, திறக்காத அந்த நாற்பது மெயில்தான். ஒரு மெயிலைத் திறக்காமல் தள்ளும்போது நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதி சில நிமிடம்தான் நிற்கும், ஆனால் ‘திறக்காமல் இருந்தால் தப்பிக்கலாம்’ என்று மனதுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிடும். அடுத்த மெயில் இன்னும் பயங்கரமாகத் தெரியும். பதற்றம் வளர்கிற வழியே இதுதான். நீங்கள் மூன்று மணிக்குப் போடும் கணக்குகளில் பாதிக்கான விடை அந்த மெயில்களிலேயே கிடக்கக்கூடும். இத்தகைய டூர்களில் ஒரு வீட்டை வீட்டுக்காரர் தனியாக அலங்கரிப்பது வழக்கமில்லை. வீட்டுக்கு ஒரு அலங்காரக் குழு அல்லது பூக்கடைக்காரர், அறைக்கு ஒருவராகக் காவலுக்கு நிற்கும் உறுப்பினர்கள் என்று க்ளப்பே பிரித்துக்கொடுக்கும். டூர் நேரத்தில் வீட்டுக்காரர்கள் வெளியே போய்விடுவதும் சாதாரணம். உங்கள் வீட்டுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது அந்த நாற்பதில் ஒன்றில் இருக்கலாம்.

நாளைக் காலை காபி குடித்த கையோடு இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு எல்லாவற்றையும் திறங்கள். எதற்கும் பதில் எழுத வேண்டாம். வீடு, பேக் சேல், எனக்குச் சம்பந்தமில்லாதது என்று மூன்றாகப் பிரித்தால் போதும். மூன்றாவதுதான் பெரிதாக இருக்கும்.

அடுத்தது, இரண்டு பொறுப்பையும் ஒருவரே சுமக்க முடியுமா என்பது. முடியாது என்றுதான் சொல்வேன். இதற்கும் உங்கள் திறமைக்கும் சம்பந்தமில்லை, வெள்ளிக்கிழமைதான் காரணம். வீட்டு அலங்காரம் முடிகிற நாளும் உறுப்பினர்கள் குக்கீகளைக் கொண்டுவந்து இறக்குகிற நாளும் ஒன்றேதான். ஒன்றை விட வேண்டும், விடுவதானால் பேக் சேலைத்தான். வீடுகளின் விவரமும் வழியும் டிக்கெட்டோடு தரும் கையேட்டில் அச்சாகிவிடும், அதற்குப் பிறகு வீட்டை விலக்கினால் எல்லோருக்கும் சிரமம். பேக் சேலுக்கோ அதை நன்றாகத் தெரிந்த ஆள் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்: அந்த ஒற்றை வரி பதில்காரர்.

அவருக்கு மெயில் போடாதீர்கள், போனில் பேசுங்கள். ‘வீட்டு வேலையும் இதுவும் ஒரே நாளில் விழுகிறது, பேக் சேலை முழுதாக என்னால் நடத்த முடியாது. மேஜையை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? பட்டியலும் லேபிளும் என் பொறுப்பு.’ அவ்வளவுதான். மாமியார் வருகிறார், கணவருக்குப் பிடிக்கவில்லை, தூக்கமில்லை என்று காரணங்களை அடுக்காதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிராளி ஒரு தீர்வு சொல்வார், கடைசியில் மறுபடியும் சரி என்பீர்கள். அவர் ஏன் செப்டம்பரில் கை தூக்கவில்லை என்று நமக்குத் தெரியாது. அலுத்துப்போயிருக்கலாம், யாராவது தன்னைக் கேட்கட்டும் என்று காத்திருந்திருக்கலாம். அவர் மறுத்தால் அதே வார்த்தைகளைத் தலைவியிடம் சொல்லி வேறு ஆளைக் கேளுங்கள்.

பட்டியலும் லேபிளும் சின்ன வேலை இல்லை. முப்பது பேரில் ஆளுக்கு ஆறு டஜன் கேட்டால் 180 டஜன். சிலர் ஏமாற்றினாலும் 150 தேறும், ஒரு நாள் மேஜைக்கு அது தாராளம். ‘ஏதாவது செய்து கொண்டுவாருங்கள்’ என்று பொதுவாக எழுதினால் சாக்லேட் சிப் மட்டுமே ஐம்பது டஜன் வந்து நிற்கும். யார் என்ன செய்கிறார் என்று பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். கஸ்டர்ட் பை, சீஸ்கேக், க்ரீம் நிரப்பியது எதுவும் வேண்டாம். அவை குளிரில் இருந்தாக வேண்டும், மேஜையில் ஆறு மணி நேரம் தாங்காது. மொறுமொறுப்பானதையும் மிருதுவானதையும் ஒரே டப்பாவில் போட்டால் மொறுமொறுப்பு நமுத்துவிடும். பெப்பர்மின்ட் சேர்த்ததைத் தனியாக வைக்காவிட்டால் மற்றதெல்லாம் பற்பசை வாசம் அடிக்கும். ஐசிங் இல்லாத குக்கீகளை இப்போதே சுட்டு ஃப்ரீஸரில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டால் ஈரம் டப்பாவுக்கு வெளியேதான் படியும். முட்டை வெள்ளையும் சர்க்கரைப் பொடியும் கலந்த ராயல் ஐசிங் போட்டவை முழுதாகக் காய ஒரு இரவாவது வேண்டும். அதற்கு முன் பையில் அடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

லேபிளில் சேர்மானங்களோடு, அமெரிக்கச் சட்டம் பட்டியலிடும் ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பதும் கவனத்தில் இருக்கட்டும்: பால், முட்டை, மீன், இறால், நண்டு போன்ற ஓட்டுமீன் வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள் 2023 ஜனவரியில்தான் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. நம் முறுக்கில் எள் இருப்பதால் இதைச் சொல்கிறேன். வீட்டில் சுட்ட பலகாரங்களை விற்கும் விதிகளை நியூ ஜெர்சி 2021-ல்தான் தளர்த்தியது. தர்ம காரியத்துக்கான விற்பனைக்கு உங்கள் ஊரில் என்ன நடைமுறை என்று டவுன்ஷிப் சுகாதார அலுவலகத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நான்கட்டாயை விட்டுக்கொடுக்காதீர்கள். அது கிறிஸ்துமஸ் மேஜையில் ஷார்ட்பிரெட்டுக்குப் பக்கத்தில் இயல்பாக உட்காரும். ஒரு கப் மைதாவுக்கு அரை கப் நெய், அரை கப் பொடித்த சர்க்கரை, ஏலக்காய். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12 முதல் 15 நிமிடம். நெய் உருகி ஓடுகிற பதத்தில் இருந்தால் தட்டில் பரந்து அப்பளமாகிவிடும், உறைந்த நெய்தான் சரி. மேலே முந்திரி வைத்தால் மரக்கொட்டை என்று எழுத வேண்டியிருக்கும், வைக்காமலே விடுங்கள். முறுக்கு பத்து பாக்கெட் போதும். உடைகிற பண்டம் அது.

இனி வீடு. நானூறு பேரும் சேர்ந்து வரப்போவதில்லை, ஆனால் ஆறு மணி நேரத்தில் சீராகவும் வரமாட்டார்கள். முதல் ஒன்றரை மணி நேரமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நெரிசல் இருக்கும். உள்ளே ஒரே நேரத்தில் 15 பேருக்கு மேல் வேண்டாம் என்று வாசலில் நிற்பவரிடம் சொல்லிவையுங்கள். முன்வாசலில் நுழைந்து சமையலறைப் பக்கம் வெளியேறும் ஒருவழிப் பாதையாக இருக்கட்டும். தரைத்தளத்தில் மூன்று நான்கு அறை காட்டினால் போதும், மாடிப்படியின் குறுக்கே ஒரு ரிப்பன் கட்டிவிடுங்கள். மூடிய கதவை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், எல்லா வீட்டிலும் அப்படி ஒன்றிரண்டு இருக்கும். நகை, பாஸ்போர்ட், பில், உதிரிச் சாவி, குளியலறை அலமாரியில் உள்ள மாத்திரைகள் எல்லாம் பூட்டிய அறைக்குள் போகட்டும். க்ளப்பின் இன்ஷூரன்ஸ் சான்றிதழில் உங்கள் பெயரையும் சேர்த்துத் தரச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள், உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடமும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

மாமியாரின் ஷூ கேள்வி நியாயமானது, க்ளப்புக்கும் புதிதில்லை. பல டூர்களில் வாசலில் ஷூ கவர் கொடுப்பார்கள். கவர் போட்ட கால் ஈரமான மரத்தரையில் வழுக்கும், அதனால் நடைபாதை முழுக்க விரிப்பு போட்டு ஓரங்களை டேப்பால் ஒட்ட வேண்டும். ‘நீங்கள் வருவதற்குள் கவரும் விரிப்பும் தயாராக இருக்கும்’ என்று மாமியாரிடம் சொல்லலாம். பூஜை அறையை மூடிவைப்பதா காட்டுவதா என்பதை நீங்களும் அவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், க்ளப்பிடம் கேட்கத் தேவையில்லை. வாசலில் மாவுக்கோலம் போட்டால் பத்து மணிக்கே மிதிபட்டுவிடும். ஒரு பலகையில் போட்டு ஓரமாகச் சாய்த்து வையுங்கள். கார்த்திகையை ஒட்டிய நாள் என்று அகல் ஏற்றத் தோன்றும். கோட்டும் ஸ்கார்ஃபும் உரசிக்கொண்டு போகிற கூட்டத்தில் திரி நெருப்பு வேண்டாம், பேட்டரி விளக்குதான்.

பச்சை அலங்காரம் உங்கள் கை தெரிந்த இடம். சூடான வீட்டில் வெட்டிய கிளைகள் ஒரு வாரம் பத்து நாள்தான் தாங்கும், ஆகவே புதன்கிழமைக்கு முன் தொடங்காதீர்கள். ஃப்ரேசர் ஃபர், வெள்ளை பைன், பாக்ஸ்வுட், மக்னோலியா நிற்கும். ஹெம்லாக் மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் ஊசி ஊசியாக உதிர்ந்து மானத்தை வாங்கும். அடியைப் புதிதாக வெட்டி இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் நிறுத்துங்கள். காம்புகளைக் குத்தி நிறுத்தும் பூ நுரைக் கட்டியைத் தண்ணீரில் கையால் அமுக்கக் கூடாது, தானாகவே மூழ்க வேண்டும். அமுக்கினால் நடுவில் காற்று தங்கிவிடும், அங்கே குத்திய காம்பு மறுநாளே வாடும். படிக்கட்டுக் கைப்பிடி 12 அடி என்றால் தொங்கி வளைய 18 அடி மாலை வேண்டும். கம்பியால் கட்டினால் மரம் கீறும், பஞ்சு போர்த்திய மெல்லிய பைப் க்ளீனரால் கட்டுங்கள். சிவப்பு இலை கொண்ட கிறிஸ்துமஸ் செடியான பாயின்செட்டியாவை 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே காற்று படவிட்டால் இலை கொட்டும். கடையிலிருந்து காருக்குப் போகிற அந்த இரண்டு நிமிடத்துக்கும் உறை போட வேண்டும்.

‘இந்தியப் பெண்ணால் முடியவில்லை’ என்ற பயத்தைக் கற்பனை என்று தள்ள மாட்டேன். தனி ஒருத்தியாக இருப்பவர்களுக்கு அந்தப் பாரம் உண்டு. ஆனால் அக்டோபரில் ஒரு வீட்டுக்காரர் விலகினாரே, அவருடைய சமூகத்தை யாராவது குறை சொன்னார்களா? கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2000-ல் வெளியானது. கூச்சப்படவைக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்கு அனுப்பினார்கள். பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். டூருக்கு வருகிறவர்களும் உங்களை எடைபோட வருவதில்லை. ரிப்பனை எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், கிச்சன் கவுன்டர் என்ன கல் என்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கணவரிடம் ‘உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பனி பெய்தால் காலை எட்டு மணிக்குள் நடைபாதையில் உப்புத் தூவுவது, பிறகு அம்மாவை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய் நான்கு மணிக்கு மேல் திரும்புவது. இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.

தூக்கத்துக்கு: படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், செய்ய வேண்டியதைக் காகிதத்தில் எழுதுங்கள். 2018-ல் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். ‘பேக் சேல்’ என்று எழுதாதீர்கள், ‘லேபிள் தாள் 200 வாங்க வேண்டும்’ என்று எழுதுங்கள். மூன்று மணிக்கு விழித்தால் போனைத் தொடாமல் அந்தக் காகிதத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டுப் படுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள்.

நீங்கள் சொன்னது மட்டும்தான் என்றால் இதை நோய் என்று சொல்ல மாட்டேன். டூர் முடிந்து இரண்டு வாரம் ஆன பிறகும் அதே மூன்று மணி விழிப்பு இருந்தால், அல்லது வேறு மெயில்களையும் போன்களையும் தவிர்க்கத் தொடங்கினால், குடும்ப மருத்துவரிடம் சொல்லி உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். தூக்கமின்மைக்கென்றே மாத்திரை இல்லாத நடத்தைச் சிகிச்சை இருக்கிறது, பொதுவாகச் சில வாரங்களில் முடிந்துவிடும்.