குளியலறை டைல்ஸ் கழன்று விழுந்தால்: பசை நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: குளியலறைச் சுவரில் 600×1200 மி.மீ. விட்ரிஃபைட் டைல்ஸ் பதித்து 14 மாதங்கள் ஆகின்றன. கடைக்காரர் சொன்ன டைல்ஸ் பசையை நானே மூட்டையாக வாங்கிக் கொடுத்தேன். போன மாதம் இரண்டு டைல்ஸ் கழன்று விழுந்ததில் வாஷ்பேசின் உடைந்தது. மற்ற டைல்ஸைத் தட்டினாலும் பொள்ளென்று சத்தம் வருகிறது. பசை நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்துவிட்டு வேலை சரியில்லை என்கிறார், டைல்ஸ் போட்டவர் பசை சரியில்லை என்கிறார். நிறுவனம் புது மூட்டைகள் மட்டும் தர முன்வருகிறது. வாங்கிக்கொள்வதா, வழக்குப் போடுவதா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் சட்டப் பிரிவுகளுக்கு முன்னால் கழன்ற டைலின் முதுகைப் பார்க்க வேண்டும். இந்த வகை வழக்கு பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. விழுந்த துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், கழுவவும் வேண்டாம். டைலின் பின்புறம், அது ஒட்டியிருந்த சுவர்ப்பகுதி, இரண்டையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எது எந்த இடத்து டைல் என்று எண் எழுதி வையுங்கள். படங்களின் மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும்.

பசை பரப்பும் பல் கரண்டி இழுத்த வரிகள் சுவரில் நசுங்காமல் நிற்கின்றன, டைலின் முதுகு சுத்தமாக இருக்கிறது என்றால், பசையைப் பூசி அது ஏடு கட்டிய பிறகு டைலை வைத்திருக்கிறார்கள் அல்லது போதுமான அளவு அழுத்தவில்லை. அது வேலைக் குறை. டைலின் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டையாகப் பசை வைத்து ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். ஈரம் படும் சுவரில் டைலின் முதுகில் 95 சதவீதமாவது பசை பரவியிருக்க வேண்டும் என்பது தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இவ்வளவு பெரிய டைலுக்குச் சுவரில் மட்டுமல்லாமல் டைலின் முதுகிலும் பசை தடவினால்தான் அந்த அளவு வரும்.

வரிகள் நன்றாக நசுங்கி, டைல் முழுக்கப் பசை பட்ட தடம் இருந்தும் சுத்தமாகப் பிரிந்து வந்திருந்தால் கேள்வி மாறுகிறது. விட்ரிஃபைட் டைல் தண்ணீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. பாலிமர் குறைந்த சாதாரணப் பசைக்கு அதில் பிடிமானம் கிடைக்காது. ஐஎஸ்ஓ 13007 என்ற சர்வதேசத் தரத்தில் சி1 வகைப் பசைக்கு (சாதாரண சிமென்ட் பசை) ஒட்டும் வலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 0.5 நியூட்டன், சி2 வகைக்கு (மேம்பட்டது) 1 நியூட்டன். நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 15477. உங்கள் மூட்டையில் எந்த வகை அச்சிட்டிருக்கிறது, விட்ரிஃபைட் டைலுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அது நிறுவனம் கொடுத்த வெளிப்படையான உத்தரவாதம். கூடவே டைலின் முதுகை விரலால் தேய்த்தும் பாருங்கள். சூளையில் ஒட்டிய வெள்ளைப் பொடி வந்தால், அதைத் துடைக்காமல் பதித்ததுதான் காரணம் என்று நிறுவனம் வாதாடும்.

பசை மொத்தமும் டைலோடு வந்து சுவர் வெறுமையாக இருந்தால் தூசு, பழைய பெயின்ட், பிரைமர் அடிக்காத ஜிப்சம் பூச்சு என்று சுவர்ப் பக்கம் தேட வேண்டும். பூச்சே பெயர்ந்து வந்திருந்தால் பசையின் மீது பழி போட முடியாது. பசை நடுவில் பிளந்து, நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிர்கிறதென்றால் நிறுவனத்தின் மீதான சந்தேகம் வலுவாகிறது. அப்போதும் தண்ணீர் கூடிவிட்டது, இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள், காலாவதியான மூட்டை என்று அவர்கள் பதில் சொல்வார்கள். அதனால் பேட்ச் எண்ணும் தயாரிப்புத் தேதியும் உள்ள காலி மூட்டை, பில், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அதே பேட்ச் வேறு சுவரிலும் போயிருந்தால் அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஒரே ஆள் ஒரே முறையில் பதித்து, வேறு பேட்ச் போன சுவர் மட்டும் உறுதியாக நின்றால் அது உங்களுக்கு நல்ல சான்று.

பிரிக்காத மூட்டை மீதி இருந்தால் வைத்திருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இந்தப் பசைகளின் ஆயுள் பொதுவாக 12 மாதம். இன்று சோதித்துக் குறை தெரிந்தாலும் 'பழைய சரக்கு' என்று தள்ளிவிடுவார்கள். அந்த பேட்சிலிருந்து நிறுவனம் எடுத்து வைத்த மாதிரியையும் அதன் சோதனை அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், ஆவணங்களைத் தாக்கல் செய்ய வைக்கும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. இன்னும் சுவரில் நிற்கும் சில டைல்ஸில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைக் கொண்டு இழுவிசைச் சோதனை (எவ்வளவு விசையில் இழுத்தால் டைல் பிரிகிறது என்று அளப்பது) செய்யலாம். நிறுவனம், கடைக்காரர், டைல்ஸ் போட்டவர் மூவருக்கும் தேதி குறிப்பிட்டு முன்கூட்டியே தகவல் அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். வராமல் இருந்துவிட்டுப் பிறகு குறை சொல்வது அவர்களுக்கு எளிதாக இருக்காது. நிறுவனத்தின் ஆள் எழுதிய ஆய்வுக் குறிப்பில் கையெழுத்துக் கேட்டால், 'நகல் பெற்றேன், முடிவை ஏற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். வெறும் கையெழுத்து பின்னால் உங்களுக்கே எதிராக வரும்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவின்படி உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, வெளிப்படையான உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, பயன்படுத்தும் முறையைச் சரிவரச் சொல்லாமை ஆகியவற்றுக்கு உற்பத்தியாளர் பொறுப்பு. உத்தரவாதம் கொடுத்ததில் தன் கவனக்குறைவு ஏதும் இல்லை என்று நிரூபித்தாலும் அவர் தப்ப முடியாது. கடைக்காரர் 'இது விட்ரிஃபைடுக்குத் தாராளமாகப் பிடிக்கும்' என்று தன் பொறுப்பில் சொல்லியிருந்தால் 86-ஆம் பிரிவில் அவரும் வருவார். பதித்தவரின் வேலை 85-ஆம் பிரிவிலும் சேவைக் குறைபாட்டிலும் வரும். மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். நிறுவனத்தை மட்டும் சேர்த்தால் அது இல்லாத ஆளின் மேல் பழியைப் போடும். டைல்ஸ் போட்டவர் பாவம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரக்கம் புரிகிறது, ஆனால் அது வழக்கைப் பலவீனமாக்கும். உண்மையில் அவருடைய சாட்சியம் உங்களுக்கு உதவவும் கூடும்.

பலரும் கவனிக்காத ஒரு வரி இதே சட்டத்தில் இருக்கிறது. பொருள் பொறுப்பு நடவடிக்கையில், அதாவது பழுதான பொருளால் வந்த தீங்குக்கு இழப்பீடு கேட்பதில், சொத்தைப் பொறுத்தவரை 'தீங்கு' என்பது வேறு சொத்துக்கு வந்த சேதத்தைக் குறிக்கும். பழுதான பொருளுக்கே வந்த சேதத்தையும் வெறும் பொருளாதார இழப்பையும் 2(22) பிரிவு விலக்குகிறது. உடைந்த வாஷ்பேசினும் டைல்ஸும் உள்ளே வரும் என்று வாதாடலாம். மறுபடி பதிக்கும் கூலியைப் பொருளாதார இழப்பு என்று எதிர்ப்பார்கள். எனவே புகாரைப் பொருள் பொறுப்பு என்று மட்டும் எழுதாமல், குறைபாடுள்ள பொருள், சேவைக் குறைபாடு என்ற அடிப்படைகளையும் சேர்த்து 39-ஆம் பிரிவின் நிவாரணங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பசையின் விலை, டைல்ஸின் விலை, பெயர்க்கும் கூலி, பதிக்கும் கூலி, வாஷ்பேசின், சோதனைச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு.

'எங்கள் பொறுப்பு மூட்டையை மாற்றித் தருவதோடு முடிந்தது' என்ற அச்சு வரியைக் காட்டி உங்களை அடக்கப் பார்ப்பார்கள். வாங்கும்போது யாரும் எடுத்துச் சொல்லாத, ஒருதலைப்பட்சமான அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடலாம். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கக் கோரும் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மாவட்ட ஆணையத்தில் அதைத் தனிக் கோரிக்கையாக வைக்காதீர்கள்.

கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். காலக்கெடு 69-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள். விழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பது உங்கள் வாதமாக இருக்கலாம், நிறுவனம் வாங்கிய நாளிலிருந்து எண்ணும். அந்தச் சண்டைக்கே இடம் கொடுக்காமல் பில் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். 14 மாதம் போய்விட்டது. நிறுவனத்தோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து இந்தக் காலத்தை நீட்டிக்காது. இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள், பதில் வராவிட்டால் தாக்கல் செய்துவிடுங்கள். குறையைச் சோதனையால்தான் அறிய முடியும் என்றால், ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப 38(2) பிரிவில் வழி உண்டு. அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டி வரலாம்.

வழக்கு முடியும்வரை ஆபத்தான சுவரை அப்படியே விட்டுவைக்க வேண்டியதில்லை. தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் டைல்ஸைப் படம் எடுத்து, எதிர்தரப்புக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பெயர்த்து எடுங்கள். சிலவற்றைப் பசையோடு அப்படியே வைத்திருங்கள். புது மூட்டைகளை இப்போது வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், ரசீதில் 'முழு இறுதித் தீர்வு' என்ற சொற்கள் இருக்கிறதா என்று பார்த்து, 'உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.