நாய்க்குப் போன மீன்குழம்பு

கேள்வி: எனக்கு 61 வயது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவநாட்கள் முழுவதும் ஒருவேளை உபவாசம் இருந்தேன். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். ஈஸ்டர் அன்று அதிகாலை 4 மணிக்கே கோவிலுக்குப் போய்விட்டேன். ஆனாலும் உயிர்த்தெழுதலின் சந்தோஷம் எனக்குள் வரவில்லை. மூட்டுவலியும் தீரவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் நான்தான் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை, அடக்கத்துக்குத்தான் வந்தார். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. ஈஸ்டருக்கு மதினி மட்டும் மீன்குழம்பு கொடுத்துவிடுவார். நாய்க்குப் போட்டுவிட்டு, தூக்குவாளியைக் கழுவித் திருப்பி அனுப்பிவிடுவேன். அது கிடக்கட்டும். உபவாசத்தைக் கூட்டவா? சுகமளிக்கும் கூட்டம் எதற்காவது போகவா?
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி)

பதில்: அதெப்படிக் கிடக்கும்? உங்கள் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். மூட்டுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்த நீங்கள் குழம்பை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

பண்டிகை நாளில் மீன் என்ன விலை விற்கும் என்று தூத்துக்குடிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆராதனை முடிந்து வந்த கையோடு ஒரு பெண் புளி கரைத்து, மசாலா அரைத்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றி அனுப்புகிறார். நீங்கள் கொட்டுகிறீர்கள். அதைவிட எனக்கு உறுத்துவது அந்தக் கழுவின வாளி. வந்த பாத்திரத்தை நம் பக்கத்தில் யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு கைப்பிடி சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்போம். கழுவாமல் அனுப்பியிருந்தால்கூட சோம்பல் என்று விட்டிருப்பேன். மினுக்க மினுக்கக் கழுவி வெறும் வாளியாக அனுப்பியது வைராக்கியம். மதினிக்கும் அது புரியாமல் இருந்திருக்காது. புரிந்தும் அடுத்த ஈஸ்டருக்கு மறுபடி அடுப்பு மூட்டினாரே!

உயிர்த்தெழுதலை நீங்கள் கோவிலுக்குள் தேடுகிறீர்கள். அது ஆறு வருடமாக உங்கள் கேட்டுக்கே தூக்குவாளியில் வந்து போயிருக்கிறது.

யோவான் சுவிசேஷம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 18ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியன் வீட்டில் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். அங்கே நின்றுகொண்டுதான் இயேசுவின் சீடர் பேதுரு தன் ஆண்டவரைத் தெரியாது என்றார். 21ஆம் அதிகாரத்தில் திபேரியா கடற்கரை. உயிர்த்தெழுந்த இயேசு அங்கே மூட்டி வைத்திருப்பதும் கரிநெருப்புதான். அதன்மேல் மீன், கூடவே அப்பம். தன்னை விட்டுவிட்டு ஓடினவர்களிடம் அவர் சொல்வது, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." சாப்பாடு முடிந்த பிறகுதான் கேள்வி. "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று மூன்று தரம். மூன்றாவது தரம் பேதுரு துக்கப்பட்டுவிட்டார். அதற்காக இயேசு கேள்வியை விடவில்லை. ஆனால் பட்டினி போட்டுக் கேட்கவில்லை.

உங்கள் அண்ணன் செய்தது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அள்ளிப் போடுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் மகள் வேலை, மகன் மாலையோடு வந்தால் போதும் என்கிற வழக்கத்தை நான் எந்த நாளும் ஒத்துக்கொண்டதில்லை. அதனால் மறந்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். இயேசுவின் உயிர்த்தெழுந்த உடம்பிலேயே ஆணி பாய்ந்த காயம் இருந்தது. நம்ப மறுத்த சீடர் தோமாவிடம், தொட்டுப் பார் என்றார். ஆனால் ஒன்று, பூட்டிய கதவைத் தாண்டி அவர்தான் உள்ளே வந்தார். நீங்களோ காயத்தையும் கையில் வைத்துக்கொண்டு கதவையும் பூட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சுகம் என்று கேட்டீர்களே, அதற்கும் பேதுருதான் பதில். அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரம். பிறந்தது முதல் நடக்க முடியாத ஒருவரை அலங்கார வாசலில் வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது யார்? மறுதலித்த அதே மனிதர். அந்தக் கடற்கரைப் பந்தியில் அவருக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தால், வாசலில் கிடந்தவர் கிடந்தபடியே இருந்திருப்பார்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உபவாசத்தைக் கூட்ட வேண்டாம், நீங்கள் சாப்பிட வேண்டும். ஈஸ்டர் ஒரு நாளோடு முடிவதில்லை, பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தே திருநாள் வரை 50 நாள் இருக்கிறது. அதற்குள் நல்ல சீலா மீனாக வாங்கி, உங்கள் கையால் குழம்பு வைத்து, உங்கள் வீட்டுத் தூக்குவாளியில் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். ஆளிடம் கொடுத்துவிடுவது கூடாது. நாய் சமாச்சாரத்தை மதினியிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் உங்கள் பாரம் இறங்கும், அவர் தலையில் ஏறும். அதை ஜெபத்தில் அறிக்கை செய்துகொள்ளுங்கள். அண்ணனோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். கை கழுவின பிறகு, "அப்பாவைப் பார்க்க ஏன் வரல?" என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். மழுப்பினால் மறுபடி கேளுங்கள்.

மூட்டுக்கு முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள். கூட்டத்துக்குப் போவது அப்புறம் உங்கள் இஷ்டம். அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெருதான். நடக்க முடியாவிட்டால் ஆட்டோ பிடியுங்கள், குழம்பு சிந்தாமலும் இருக்கும்.