சமூகவியல் படித்தால் சாமி கும்பிட மாட்டாளா?

அன்புள்ள ஐயா,

மகள் பி.ஏ. சமூகவியலில் சேர ஆசைப்படுகிறாள். "மதம், அறிவியல், தேசப்பற்று மூன்றும் நம்பிக்கை அமைப்புகள்தான்" என்று சாப்பாட்டு நேரத்தில் வாதாடுகிறாள். இந்தப் படிப்பு அவளைக் கெடுத்துவிடுமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். வேலை கிடைக்குமா என்ற கேள்வி கடைசி வரியில்தான் வருகிறது. மற்ற பெற்றோர் அதில்தான் ஆரம்பிப்பார்கள்!

அவள் மூன்றையும் பொய் என்று சொல்லவில்லை. ஒரு நம்பிக்கை மனிதர்களை எப்படிச் சேர்த்துக் கட்டுகிறது என்றுதான் சமூகவியல் பார்க்கும். 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முந்தைய நாள், விஞ்ஞானிகள் அதன் சிறு மாதிரியை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போய் வணங்கினார்கள். ஆகஸ்ட் 23 அன்று அது நிலவில் இறங்கியபோது பலர் கையில் தேசியக்கொடி. இறங்கிய இடத்துக்கு வைத்த பெயரோ சிவசக்தி. அன்று தொலைக்காட்சி முன்னால் எனக்குக் கண் கலங்கியது. அறிவியலுக்காகவா, சாமிக்காகவா, நாட்டுக்காகவா? இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சமூகவியல் மாணவி நோட்டைத் திறப்பது அந்த இடத்தில்தான்.

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கேம் 1912-லேயே ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் குலக்குறியை, அதாவது ஒரு குலம் தன் புனித அடையாளமாகக் கொள்ளும் விலங்கையோ செடியையோ, கொடியோடு ஒப்பிட்டார். கொடிக்காக உயிர்விடும் வீரன் ஒரு துண்டுத் துணிக்காகச் சாவதாக நினைப்பதில்லை. ஆனால் அறிவியலையும் இதே தட்டில் வைக்கலாமா? இங்கே நீங்கள் மகளை மடக்கலாம். யார் சொன்னாலும் சந்தேகப்படு என்பது அறிவியலின் விதி என்றார் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். அவள் கெட்டிக்காரியாக இருந்தால் அறிவியல் வரலாற்றை ஆராய்ந்த தாமஸ் கூனை இழுப்பாள்: சாதாரண நாட்களில் விஞ்ஞானிகளும் தங்கள் அடிப்படைக் கோட்பாட்டைச் சந்தேகிப்பதில்லை.

இனி வேலை. பி.ஏ. மட்டும் போதாது, எம்.ஏ.வும் கொஞ்சம் புள்ளியியலும் வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் சமூகவியல் விருப்பப் பாடம், 1,750 மதிப்பெண்ணில் 500. மதமும் அறிவியலும், இந்திய தேசியத்தின் சமூகப் பின்னணி எல்லாம் அந்தப் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் ஐ.ஏ.எஸ். கனவை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள்.

விண்ணப்பம் போடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, யார் யாருக்கு வழிவிட்டார்கள் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகும் பேச விஷயம் மிச்சம் வைத்திருந்தால் சேர்த்துவிடுங்கள். சலிப்பாக இருந்தது என்றால் பி.காம். விண்ணப்பம் ஒன்றையும் வாங்கி வையுங்கள்.