வாசகர் கேள்வி பதில்: பாம்பைக் கொஞ்சம் வெளியே உலாவ விடலாமா?

கேள்வி: பால் பைத்தான் ஒன்று வளர்க்கிறேன். மூன்றரை அடி நீளம், இரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது, பதிவெல்லாம் முறையாகச் செய்திருக்கிறேன். நாள் முழுக்கக் கண்ணாடித் தொட்டியில் கிடப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறதே என்று சாயங்காலத்தில் ஹாலில் இறக்கி விடுகிறேன். இறக்கிய அடுத்த நிமிடம் நேராக சோபாவுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்கிறது. இது சந்தோஷமா, பயமா? எவ்வளவு நேரம் விடலாம்?
ஒரு வாசகர், மர்பி டவுன், பெங்களூரு

பதில்: பயம்தான்.

அதற்குள் போகும் முன், 'பால்' என்றதும் நாகபஞ்சமிக் கிண்ணத்தோடு கிளம்பிவிடும் மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி. இது குடிக்கிற பால் இல்லை, ஆங்கிலத்துப் பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். (பாம்பு பால் குடிக்கும் என்பதெல்லாம் கதை. தாகத்தில் தவிக்கவிட்டால் எதை வைத்தாலும் குடிக்கும், அவ்வளவுதான்.)

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கிக் கிடந்துவிட்டு இருட்டிய பிறகு வெளியே வருகிற பிராணி இது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து டியூப்லைட் வெளிச்சத்தில், வழவழ டைல்ஸ் தரையின் நடுவில் வைத்தால், ஒளிய இடமில்லாத பொட்டல் வெளியில் பருந்துக்குத் தெரிகிற மாதிரி விட்டுவிட்டார்கள் என்றுதான் அதற்குத் தோன்றும். உங்கள் சோபா அடி அதன் கண்ணுக்குப் பட்ட முதல் வளை. டைல்ஸில் வயிற்றுச் செதிலுக்குப் பிடிமானமும் கிடைக்காது, வழுக்கி வழுக்கி நெளியும். நாம் அதைப் பார்த்து என்னமா விளையாடுது என்று வீடியோ எடுப்போம்.

அதற்காக வெளியே விடவே கூடாது என்று சொல்லவில்லை. இறக்கி விடாதீர்கள், திறந்து விடுங்கள், அதுதான் வித்தியாசம். இருட்டிய பிறகு பெரிய விளக்கை அணைத்துவிட்டு, தொட்டிக் கதவைத் திறந்து வைத்து, கீழே ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்து, ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வையுங்கள், நீங்கள் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். வர நினைத்தால் வரும். சில நாள் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும், போகட்டும். நாக்கை நிதானமாக நீட்டி நீட்டி மெதுவாக நகர்ந்தால் சுற்றிப் பார்க்கிறது என்று அர்த்தம். கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுப்பது, சீறுவது, திடுதிடுவென்று மூலை தேடி ஓடுவது, பந்தாவது, இதில் எது வந்தாலும் அன்றைக்குப் போதும்.

நேரத்தைவிடச் சூடு முக்கியம். பாம்புக்கு உடம்பில் சொந்தமாகச் சூடு கிடையாது. தொட்டியில் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ் வைத்திருப்பீர்கள். டிசம்பர், ஜனவரியில் நம் பெங்களூரு ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும், டைல்ஸ் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிரில் அடிக்கடி கிடந்தால் சாப்பிட்டது செரிக்காது, நெஞ்சில் சளி கட்டி வாயைத் திறந்து மூச்சு விடுகிற நிலைக்கு வந்துவிடும். அறை 25 டிகிரிக்கு மேல் இருந்தால் 15, 20 நிமிடம், அதற்குக் கீழே என்றால் அன்றைக்கு வேண்டாம். இரை விழுங்கி இரண்டு நாள் ஆகும்வரை தொடவே வேண்டாம், கக்கிவிடும். கண் நீலம் பாய்ந்து மங்கலாக இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அப்போதும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஹால். என்னைக் கேட்டால் ஹாலே வேண்டாம், சாமான் குறைவான சின்ன அறை போதும். விடுவதற்கு முன் தரையோடு படுத்து ஒரு தடவை பாருங்கள், நின்றுகொண்டு பார்த்தால் ஓட்டைகள் தெரியாது. ஏசி குழாய் போகிற துளை, பால்கனியில் மழைத்தண்ணீர் போகிற துளை, பாத்ரூம் ஜாலி, கதவடி இடுக்கு. தலை நுழைகிற சந்தில் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும். சாய்ந்து மடங்குகிற ரிக்ளைனர் சோபா இருக்கும் அறை கூடவே கூடாது. பாம்பு உள்ளே போனது தெரியாமல் யாராவது லீவரை இழுத்தால் நசுங்கிவிடும். எலிக்கு வைத்த பசை அட்டையை எடுத்துவிடுங்கள். கொசுவர்த்தி, கொசுவிரட்டி மெஷின், எறும்பு சாக்பீஸ், ஹிட் அடிப்பது எல்லாம் பூச்சி மருந்துதான், ஊர்வனவற்றுக்கு ஆகாது. ஃபினாயில் போட்டுத் துடைத்த தரை அதைவிட மோசம், வெந்நீரில் துடைத்துக் காயவிட்ட பிறகு விடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கதவுக்கு வெளியே.

ஒன்றே ஒன்று மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பாவமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டி எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. பாம்பு உடம்பை நேராக நீட்ட முடியாத தொட்டி என்றால் தினம் 20 நிமிட உலாவல் அதை ஈடுகட்டாது. முதல் செலவு நான்கு அடித் தொட்டிக்கும் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு மறைவிடத்துக்கும்தான்.

கேள்வி: என் மகன் வளர்க்கிற கார்ன் ஸ்னேக் நேற்று ராத்திரியிலிருந்து காணவில்லை. கட்டிலில் விட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தானாம். வீட்டில் மாமியார் இருக்கிறார், நாலு வயதுப் பேத்தி இருக்கிறாள். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்ய?
பெயர் வேண்டாம், கே.ஆர்.புரம்

பதில்: அம்மா, இதை அச்சுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே உங்களுக்கு எழுதிவிட்டோம். மற்றவர்களுக்கும் ஆகும் என்று இங்கே போடுகிறோம்.

கார்ன் ஸ்னேக்குக்கு விஷம் இல்லை, அதனால் முதல் பயத்தை விடுங்கள். ஆனால் மாமியாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் தெரியாமல் காலையில் குக்கர் எடுக்கப் போய் அதைப் பார்த்துக் கத்தினால், அவர் விழுந்து அடிபடுவார், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் கட்டையோடு வருவார். கதவுக்குக் கீழே எல்லாம் துணியைச் சுருட்டி அடைத்து அறை அறையாகத் தேடுங்கள். பாத்ரூம் ஜாலிக்கு மேல் கனமாக எதையாவது வையுங்கள். வாஷிங் மெஷினைப் போடும் முன் உள்ளே பாருங்கள்.

இது ஏறுகிற பாம்பு, அதனால் தரையோடு நிறுத்தாதீர்கள். திரைச்சீலை மடிப்பு, புத்தக அலமாரிப் பின்புறம், பரண். சூடு தேடியும் போகும், ஃப்ரிட்ஜ் பின்னால், இன்வெர்ட்டர் பக்கம், டிவிக்கு அடியில் செட்டாப் பாக்ஸ் மேல். தொலைந்த அறையிலிருந்தே தொடங்குங்கள், பெரும்பாலும் அதை விட்டுத் தூரம் போயிருக்காது. ராத்திரி கதவோரங்களில் மைதாவை மெல்லிசாகத் தூவி வைத்தால் காலையில் கோடு தெரியும், எந்தப் பக்கம் போனது என்று புரிந்துவிடும். அது நடமாடுகிற நேரமும் ராத்திரிதான், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு உட்காரச் சொல்லுங்கள் உங்கள் மகனை. தொலைத்தவர் அவர்தானே.

முக்கியமானது ஒன்று. வீட்டில் பாம்பு தென்பட்டால் அது நம்முடையதுதான் என்று கையை நீட்டாதீர்கள். பெங்களூருவில் நாகமும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் குடியிருப்புகளுக்குள் வருகிற பாம்புகள்தான். நிறம் சரியாகத் தெரியவில்லை, சந்தேகம் என்றால் தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே பாம்பு மீட்பரைக் கூப்பிடுங்கள். கிடைத்த பிறகு தொட்டவர்கள் எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். பேத்தியைத் தொட விடாதீர்கள், ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளை அந்தக் கிருமி சுலபமாகத் தாக்கும்.

(இதை அச்சுக்கு அனுப்பும் முன் பதில் வந்தது. மாமியாரின் சுவாமி அலமாரிக்குப் பின்னால் இருந்ததாம். மாமியார்தான் கண்டுபிடித்தாராம்.)

கேள்வி: ஹோஸ்கோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சாரைக் குட்டி ஒன்று கிடைத்தது. கடிக்கவே இல்லை. இதை வீட்டில் வைத்துக் கைக்குப் பழக்கி ஹாலில் விட்டு வளர்க்கலாமா? வெளிநாட்டுப் பாம்பைக் காசு கொடுத்து வாங்குவதைவிட இது மேல் இல்லையா?
ஒரு கல்லூரி மாணவர், அல்சூர்

பதில்: இல்லை தம்பி. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் காட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம், சாரையும் அதில் அடக்கம், இருதலைப் பாம்பு என்று விற்கிறார்களே அந்த மண்ணுளியும் அடக்கம். முதல் கேள்வி கேட்டவர் 'பதிவு' என்று சொன்னது வேறு: பால் பைத்தான் போன்ற, சைட்டிஸ் (அரிய உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். சாரைக்கு அந்த வழியும் இல்லை. உங்கள் தோட்டத்து எலியைத் தின்று வாழ்கிற பாம்பு அது. பிடித்த இடத்திலேயே, வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.